கன்பித் தாள்: கோசோவைப் போலக் கையாளாதீர்கள்

ஜப்பானியக் கைத்தாளான வாஷிக்கு மூன்று செடிகளின் பட்டைதான் முக்கியம்: கோசோ, மிட்சுமாட்டா, கன்பி. முதல் இரண்டையும் பயிராக வளர்க்கிறார்கள். கன்பி காட்டுப் புதர். ஜப்பானின் நடுப்பகுதியிலிருந்து மேற்கே மலைச்சரிவுகளில் தானாக முளைத்து மெதுவாக வளர்வது. தாவரவியலில் அகில் மரத்தின் குடும்பம்தான். இந்தத் தாளை வாங்குகிறவர்கள், ஒட்டுகிறவர்கள், செய்து பார்க்கிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: கோசோவுக்குப் பழகிய கையோடு கன்பியைத் தொடுகிறார்கள்.

வாங்கும்போது "யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற தாள்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 2014இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்த சேகிஷு, மினோ, ஹோசோகாவா மூன்றுமே கோசோத் தாள்கள், கன்பி அல்ல. இன்னொன்று, கன்பி என்ற பெயரில் விற்கும் தாள்களில் பலவற்றுக்கு நார் பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறது. அங்கே சலாகோ என்று அழைக்கும் நெருங்கிய உறவுச்செடி அது. நல்ல நார்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜப்பானியக் காட்டுக் கன்பியின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. என்ன நார், மரக்கூழ் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதிகம் பேரை அழவைப்பது ஈரம். கன்பி நார் குட்டையானது, மெல்லியது. அதனால் தாள் நெருக்கமாக, பட்டு மினுமினுப்போடு, பின்னால் இருப்பது தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவும்படி அமைகிறது. அதே நெருக்கம்தான் வம்பும் செய்கிறது. நனைந்தால் விரியும், காயும்போது இழுத்துச் சுருங்கும். மைதாப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டிவிட்டு அப்படியே காயவிட்டால் அலை அலையாக எழும்பும், கூடவே அடியில் உள்ள அட்டையையும் வளைத்துவிடும். பசையை நீர்க்கக் கரைக்காமல், மெல்லிய பூச்சாக அட்டையின் மேல் தடவுங்கள். அதன்மேல் கன்பியை வைத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே பாரம் ஏற்றி, முழுக்கக் காய்ந்த பிறகே எடுங்கள். கிழிந்த பழைய புத்தகத் தாளுக்கு ஒட்டுப்போட நினைத்தால், என் கருத்தில் மெல்லிய கோசோவே பத்திரம். ஜப்பானில் நாஜியோ என்ற ஊரில் கன்பிக் கூழோடு உள்ளூர்க் களிமண்ணைக் கலந்து தாள் செய்கிறார்கள். அது அவ்வளவாகச் சுருங்காது, தங்கத்தைத் தாள்களுக்கு நடுவே வைத்து ரேக்காக அடிக்கும்போது விழும் அடியையும் சூட்டையும் தாங்கும்.

மை விஷயத்திலும் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். சீனத்து ஷுவான் தாளில் போல மை பரவி மேகம் போல ஆகும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இங்கே மை மேலேயே நிற்கும், போட்ட கோடு பரவாமல் அப்படியே இருக்கும். நுண்ணிய எழுத்துக்கும் செதுக்கு ஓவிய (உலோகத் தகட்டில் கோடு கீறி எடுக்கும்) அச்சுக்கும் இதைத் தேடிப் போவதே அதற்காகத்தான். டச்சு வணிகக் கப்பல்களில் வந்த ஜப்பானியத் தாளில் 1640களின் பிற்பகுதியிலிருந்து டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன் செதுக்கு ஓவியங்களை அச்சிட்டுப் பார்த்தார்.

அப்புறம், நாரிலிருந்தே செய்ய விரும்புகிறவர்களுக்கு. கோசோவைக் குளிர்காலத்தில் வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டை உரிப்பார்கள். கன்பிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வசந்தம் முதல் கோடைத் தொடக்கம் வரை, சாறு ஏறியிருக்கும் நாட்களில் பச்சையாகவே உரிக்க வேண்டும். வேரோடு பிடுங்கக் கூடாது, தண்டை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். நாரைச் சாம்பல் நீரிலோ சலவை சோடாவிலோ வேகவைப்பது போதும். காஸ்டிக் சோடா வேலையைச் சீக்கிரம் முடித்தாலும் மினுமினுப்பையும் வலுவையும் சேர்த்தே தின்றுவிடும். வெந்த நாரை அடித்துத் துவைத்துக்கொண்டே இருப்பதும் தப்பு. ஏற்கெனவே தண்ணீரை மெதுவாக வடிக்கும் கூழ், அதற்குமேல் வடியவே வடியாது.

விதை வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து நார் எடுக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஜப்பானிலேயே இதைப் பயிராக்குவது கடினம் என்றுதான் இன்னமும் காட்டை நம்பியிருக்கிறார்கள். வளர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் மிட்சுமாட்டாவை முயன்று பாருங்கள், அதுவும் குளிர்ந்த மலைப்பகுதியாக இருந்தால்.