வெள்ளைப் புகையும் ஒரு ரப்பர் வளையமும்

நானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் இருப்பது பழைய ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்த மஸ்டா 13பி ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை). காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. கூலண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ரோட்டரின் முனைகளில் அடைப்பாக இருக்கும் அபெக்ஸ் சீல்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிப் பிரித்தேன். தப்பு. அவை நன்றாகவே இருந்தன. கூலண்ட் உள்ளே கசியாமல் தடுக்கும் உள்பக்க ரப்பர் வளையம் ஓரிடத்தில் காய்ந்து அப்பளம் போல நொறுங்கியிருந்தது. முன்பு ஒரு தடவை இன்ஜின் சூடேறியதை நான் அலட்சியம் செய்ததன் பலன்.

எல்லா வளையங்களையும் மாற்றினேன். பொருத்தும்போது அவை பள்ளத்தில் நிற்காமல் நழுவும். வாசலின் தடவினால் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் நீள போல்ட்டுகளை வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

அப்புறம்தான் தலைவலி. ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எனக்கு 0.09. அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் ஸ்பேசர் வளையத்தை மெல்லியதாக மாற்றியதும் 0.05 வந்தது. சரி, இதற்காக ஷாஃப்ட்டின் முன்பக்க போல்ட்டைக் கழற்றும்போது இன்ஜினைப் படுக்கவைக்காதீர்கள். உள்ளே ஷாஃப்ட்டின் முன்பின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் நழுவும். தெரியாமல் இறுக்கினால் நசுங்கிவிடும். நான் பின்பக்கத்தில் உள்ள கனமான சக்கரமான ஃபிளைவீல் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்துச் செய்தேன்.

தரையிலேயே மூன்று மணி நேரம் ஓட்டியாயிற்று. கூலண்ட் அளவு அசையவில்லை.