குளிர்ந்த ஊர் என்று ஏமாற வேண்டாம்: ஆன்டெனாவின் பிளாஸ்டிக் பாகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மொட்டை மாடியில் ஹாம் வானொலி (பொழுதுபோக்காகத் தனிநபர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு) ஆன்டெனா நிறுத்தும் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, "இங்கே என்ன, சென்னை வெயிலா அடிக்கிறது?" என்று அலட்சியமாக இருந்துவிடுவதுதான். பிளாஸ்டிக்கை முதன்மையாகக் கெடுப்பது சூட்டைவிடப் புற ஊதாக் கதிரே. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் அக்கதிர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில், காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். பிளாஸ்டிக் முதலில் வெளிறும். தடவினால் விரலில் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டும். பிறகு மயிரிழை விரிசல்கள் வழியே மழைநீர் இறங்கி, ஆன்டெனாவையும் வானொலிக் கருவியையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளின் செப்புப் பின்னலில் பச்சைக் களிம்பு ஏறும்.

மின்னணுப் பொருட்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை நைலான் கேபிள் டை (கேபிளை இறுக்கிக் கட்டும் பட்டை) வீட்டுக்குள் பயன்படுத்தத்தான் ஏற்றது. கார்பன் பிளாக் (நுண்கரித்தூள்) கலந்த கறுப்பு டை வெயிலைத் தாங்கும் என்றாலும், வெறும் நிறத்தை நம்பாமல், வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். கம்பி ஆன்டெனாவை இழுத்துக் கட்டவும் நீல, மஞ்சள் பாலிப்ரொப்பிலீன் கயிறு வேண்டாம். பாலியெஸ்டர் கயிறே நின்று உழைக்கும்.

பெயின்ட் அடிப்பதில்தான் நல்ல எண்ணத்தோடு பெருந்தீங்கு செய்துவிடுகிறோம். இருமுனை (டைபோல்) ஆன்டெனாவின் நுனிகளில், ஒலிபரப்பும்போது மின்னழுத்தம் மிக அதிகமாக இருக்கும். அங்குள்ள இன்சுலேட்டருக்கு அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறப் பெயின்டைப் பூசுவது, மின்சாரம் கசிய நாமே வழிவிடுவதாகும். ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆன இணைப்புப் பெட்டியைத் தின்னரால் துடைப்பதும் தவறு. அதில் விரிசல் விழக்கூடும். சோப்பு நீரில் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை நீக்கி, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை வெளிப்புற அக்ரிலிக் பெயின்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தால் போதும். பெட்டியின் அடியில் உள்ள வடிதுளையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடக் கூடாது.

காடி வாடை வீசும் சிலிகான் பசை செம்பை அரிக்கும் என்பதால், இணைப்புகளுக்கு நியூட்ரல் வகையையே கேட்டு வாங்குங்கள். மழைக்காலம் தொடங்குமுன், மே மாதத்திலேயே மாடியேறி, ஒவ்வொரு டையையும் லேசாக வளைத்துப் பார்த்து, நொறுங்குவதை அன்றே மாற்றிவிடுங்கள்.