சாமி படக் காலண்டரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊடகமும் பொருள்களும் சேர்ந்து ஒரு சமூகத்துக்குள் அர்த்தத்தை எப்படி உண்டாக்குகின்றன என்று படிக்க வருகிற மாணவர்கள், உதாரணம் என்றாலே குளிர்பான விளம்பரத்துக்கும் செல்போன் விளம்பரத்துக்கும் போய்விடுகிறார்கள். நான் சிவகாசி காலண்டரை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். படம், வியாபாரம், பக்தி, அரசாங்கம் எல்லாம் ஒரே அட்டையில் வந்து சேர்ந்திருக்கின்றன. அதனாலேயே, இந்த மாதிரிக் கட்டுரைகளில் வழக்கமாக நேர்கிற தவறுகளும் இதை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

படத்தில் இருக்கும் லட்சுமி ஆதிகாலம் தொட்டு இப்படியேதான் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவது ஒரு தவறு. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் 7-ஆம் நூற்றாண்டு கஜலட்சுமி இருக்கிறாள். தாமரையில் அமர்ந்திருக்கிறாள், மேலிருந்து யானைகள் நீராட்டுகின்றன, இரு பக்கமும் பெண்கள் குடங்களோடு நிற்கிறார்கள். காலண்டரில் நாம் பார்க்கிற பட்டுச்சேலையும் ரவிக்கையும் அந்தக் கல்லில் கிடையாது. அந்தச் சேலை, முகத்தில் விழும் வெளிச்சம், பின்னால் தெரியும் குளம் ஆகியவை ரவிவர்மா காலத்துச் சரக்கு. கேரளத்துக் கிளிமானூரைச் சேர்ந்த ஓவியரான அவர் 1894-இல் பம்பாய் காட்கோபரில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் தொழில்நுட்பத்தில், கல் அச்சில், எண்ணெய் ஓவியம் போலவே தோன்றும் வண்ணப் படங்கள் அங்கே அடிக்கப்பட்டன. கோயிலுக்குள் போக விடப்படாதவர்களின் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்தது இப்படித்தான். அந்த அச்சகத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, "எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிவிட்டது" என்று எழுதுவதும் சரியல்ல. யானையும் தாமரையும் மாமல்லபுரத்திலும் உண்டு, காலண்டரிலும் உண்டு. எது தொடர்ந்து வந்தது, எது வழியில் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டினால்தான் கட்டுரைக்கு மதிப்பு.

அடுத்தது, ஓவியரோடு நின்றுவிடுவது. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவைப் பற்றி (1898-1976) எழுதாமல் சிவகாசி காலண்டரைப் பற்றி எழுத முடியாது. அவர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். சினிமா வந்து நாடகக் கம்பெனிகள் நொடிந்துபோன பிறகு, 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். பழைய காலண்டர்ப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பின்னால் தூண்கள், ஓரத்தில் ஒதுக்கிக் கட்டிய திரை, நேராகப் பார்வையாளரை நோக்கி நிற்கும் தெய்வம் என்று ஒரு நாடக மேடையே கண்முன் நிற்கும். சரி, இவ்வளவும் எழுத வேண்டியதுதான். ஆனால் படம் அவர் கையை விட்டுப் போன பிறகுதான் கதையில் பாதி நடக்கிறது.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது வருடத்து ஆல்பம் வெளியிடுவார்கள். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜென்டுகள் ஊர் ஊராகப் போவார்கள். மளிகைக் கடைக்காரர் மகாலட்சுமியைத் தேர்ந்தெடுப்பார், இன்னொருவர் வேளாங்கண்ணி மாதாவை, இன்னொருவர் மெக்காவை, கட்சிக்காரர் தலைவரின் படத்தை. எல்லாம் ஒரே இயந்திரத்தில் ஓடலாம். கீழே கடையின் பெயரும் முகவரியும் போன் நம்பரும் ஏறும். அந்த நொடியில் படத்தோடு இன்னொரு அர்த்தம் சேர்கிறது. "இந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் நடத்தும் கடை, நம்பி வாருங்கள்" என்று அது சொல்கிறது. பல மாணவர்கள் படத்தின் நிறம், கோடு, முத்திரை என்று ஆராய்ந்துவிட்டு அந்தக் கடைசி இரண்டங்குல விளம்பரத்தை வெட்டிவிடுகிறார்கள். காலண்டர் அச்சாவதற்குப் பணம் கொடுத்ததே அந்த இரண்டங்குலம்தான்!

அது இனாம் என்பதையும் மறக்கக் கூடாது. டிசம்பர் கடைசியில் நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ பில் போடும்போது, "அண்ணே, காலண்டர் ஒண்ணு... சாமி படம் போட்டதா கொடுங்க" என்று கேட்பார்கள். கேட்காமலே எடுத்து நீட்டினால் நம்மை வாடிக்கையாளராக மதிக்கிறார்கள் என்று மனம் குளிரும். காசு கொடுத்து வாங்கிய காலண்டருக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது.

நான் அதிகம் வருத்தப்படுகிற தவறு, வீட்டை விட்டுவிடுவது. காலண்டருக்கு மிக அதிகமான அர்த்தம் சேருகிற இடம் அதுதான். ஆணியில் மாட்டிய அன்றே ஒரு பெண் படத்தின் நெற்றியில் குங்குமம் வைக்கிறார். அதுவரை கடை விளம்பரமாக இருந்த அட்டை அப்போது சாமி ஆகிவிடுகிறது. வருடம் முடிந்ததும் தேதிக் கட்டைத் தூக்கிப் போடுவார்கள், படத்தைப் போட மனம் வராது. கடைப் பெயர் இருக்கும் பகுதியைக் கத்தரித்துவிட்டு, லேமினேஷன் செய்தோ ஃபிரேம் போட்டோ பூஜை அலமாரியில் வைப்பார்கள். இடம் இல்லாதவர்கள் கோயில் மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைப்பார்கள். கிழித்த தாளுக்கும் வாழ்க்கை உண்டு. விபூதி மடிக்க, பின்பக்கம் பால் கணக்கு எழுத, பிள்ளைகள் கூட்டல் போட்டுப் பார்க்க என்று அது எதற்கெல்லாமோ பயன்படும்.

இங்கேதான் கோட்பாட்டைத் தவறாகப் பிடிக்கிறார்கள். 1973-இல் ஸ்டூவர்ட் ஹால் என்ற பிரிட்டன் பண்பாட்டு ஆய்வாளர் தொலைக்காட்சியை முன்வைத்து ஒன்றைச் சொன்னார். அனுப்புகிறவர் நினைத்த அர்த்தத்தைப் பெறுகிறவர் அப்படியே ஏற்கலாம், பாதியை ஏற்று மீதியைத் தனக்கேற்ப வளைக்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். நல்ல கருவி. ஆனால் இதை வைத்து மனிதர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து முத்திரை குத்துகிறார்கள். மேலே சொன்ன அதே பெண் காலையில் படத்தைக் கும்பிடுகிறார், கடைப் பெயரைக் கண்டுகொள்வதே இல்லை, ராசிபலனைப் படித்துவிட்டு "இதெல்லாம் யாருக்கு நடக்குது" என்று தாளைக் கிழிக்கிறார். ஒரே ஆள், ஒரே அட்டை, மூன்று விதமான வாசிப்பு.

மக்கள் தாங்களே அர்த்தம் உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதால் படத்துக்கு வலு இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தலைமுறை தலைமுறையாகச் சுவரில் பார்த்த தெய்வங்கள் பெரும்பாலும் சிவந்த மேனியோடுதான் இருந்தார்கள். கரிய கண்ணனுக்குக்கூட நீலம் பூசினார்கள். 2017-இல் சென்னையில் இருவர் சேர்ந்து, கறுத்த நிறமுள்ளவர்களைத் தெய்வங்களாக ஒப்பனை செய்து புகைப்படத் தொடர் ஒன்றை வெளியிட்டபோது அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவ்வளவு பேசப்பட வேண்டியிருந்தது என்பதே பழைய படங்கள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தன என்று காட்டுகிறது. இதைப் பக்தியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அழகு என்றால் வெளுப்பு என்று ஒரு பெண் குழந்தை சுவரைப் பார்த்தே பழகிவிடுவதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

அரசாங்கத்தை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. விடுமுறை எது, பண்டிகை எது என்று சொல்வதில் அதற்கும் கை உண்டு. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழக அரசு 2008-இல் சட்டம் கொண்டுவந்தது. ஆட்சி மாறிய பிறகு 2011-இல் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில், எந்தத் தேதித் தாளில் 'தமிழ்ப் புத்தாண்டு' என்று அச்சிடுவது என்பதே அரசியல் ஆகிவிட்டது. அப்புறமும் பல வீடுகளில் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி நிற்கவில்லை.

செல்போன் வந்ததும் இதெல்லாம் போய்விட்டது என்று எழுதுவது அவசரம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் முருகனை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் காலண்டர் முருகன்தான். தாளில் இருந்தபோது கடைக்காரர் தந்தார், இப்போது பெரியப்பா அனுப்புகிறார். படம் அதுவே என்றாலும் கைமாறும் உறவு வேறாகிவிட்டது. ஆராய வேண்டியது அதை.

கடைசியாக ஒரு நடைமுறைத் தவறு. தகவல் தேடி எல்லாரும் சிவகாசி அச்சகத்துக்கே போகிறார்கள். எத்தனை பிரதி, என்ன தாள், என்ன விலை என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். உங்கள் ஊர் ஃபிரேம் கடையிலும் ஒரு நாள் உட்காருங்கள். எந்தச் சாமி அதிகமாக வருகிறது, அடியில் எவ்வளவு வெட்டச் சொல்கிறார்கள், கடைப் பெயரை வெட்டாமல் விடச் சொல்கிறவர்கள் யார், ஏன் என்று கேளுங்கள்.