ஷிரோவ் – ஜூடித் போல்கர், 1994: இந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படிக்கும் முறை

ஹங்கேரியச் சதுரங்க வீராங்கனை ஜூடித் போல்கர் 1991-இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பாபி ஃபிஷரின் வயதுச் சாதனை அன்றோடு முறிந்தது. பெண்கள் உலகப் பட்டத்துக்கு அவர் போட்டியிடவே இல்லை. ஆண்களோடு ஆடி உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். உச்சத் தரப்புள்ளி 2735. இங்கே எடுத்துக்கொள்வது 1994-இல் புவெனஸ் அயர்ஸில் அலெக்ஸி ஷிரோவை அவர் கறுப்பில் வென்ற ஆட்டம். லெவ் பொலுகாயெவ்ஸ்கியைச் சிறப்பிக்க நடந்த அந்தப் போட்டியில் எல்லா ஆட்டங்களுமே சிசிலியன்தான் (வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி5 என்று பதில் தரும் தொடக்கம்).

நிஜப் பலகை, ஒரு தாள், பேனா போதும். எஞ்சினை (நகர்வுகளைக் கணக்கிடும் கணினி நிரல்) அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் யார் முன்னிலை என்று காட்டும் பக்கத்துப் பட்டை ஏறி இறங்குவதே விடையைச் சொல்லிவிடும். யோசிக்க எதுவும் மிஞ்சாது. கறுப்புப் பக்கம் உட்காருங்கள்.

தொடக்க நகர்வுகளை வேகமாக வைத்துவிடலாம் (× என்றால் வெட்டுதல்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்; எண்ணுக்குப் பின் '...' வந்தால் கறுப்பின் நகர்வு; 'குதிரை ஜி-இ7' என்றால் ஜி வரிசையில் நிற்கும் குதிரை இ7-க்கு):

1. இ4 சி5 2. குதிரை எஃப்3 இ6 3. டி4 சி×டி4 4. குதிரை×டி4 குதிரை சி6 5. குதிரை சி3 டி6 6. ஜி4 ஏ6 7. மந்திரி இ3 குதிரை ஜி-இ7 8. குதிரை பி3 பி5 9. எஃப்4 மந்திரி பி7 10. ராணி எஃப்3

இப்போது நிலையைச் சரிபாருங்கள். வெள்ளைக்கு ராஜா இ1, ராணி எஃப்3, மந்திரிகள் இ3, எஃப்1, குதிரைகள் பி3, சி3, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, இ4, எஃப்4, ஜி4, எச்2. கறுப்புக்கு ராஜா இ8, ராணி டி8, மந்திரிகள் பி7, எஃப்8, குதிரைகள் சி6, இ7, சிப்பாய்கள் ஏ6, பி5, டி6, இ6, எஃப்7, ஜி7, எச்7. யானைகள் நான்கும் மூலையில்.

மிச்சத்தை மூடிவைத்து, கறுப்பின் 10-வது நகர்வுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். உங்கள் நகர்வையும், அதற்கு எதிராளியின் மிகச் சிறந்த பதிலையும் எழுதுங்கள். இரண்டாவதை எழுதாவிட்டால் பயிற்சியில் பாதி போச்சு.

ஜூடித் ஆடியது 10...ஜி5. காவலே இல்லாத சிப்பாய். அது ஏன் என்பதற்கு விடை இ5 கட்டத்தில் இருக்கிறது. எஃப்4 சிப்பாயின் முக்கிய வேலை இ5-ஐக் காப்பது, 11. எஃப்×ஜி5 என்று அதை இழுத்துவிட்டதும் 11...குதிரை இ5. இனி அந்தக் குதிரையை விரட்ட எந்தச் சிப்பாயும் இல்லை, சி6-உம் காலியாகி பி7 மந்திரியின் பாதை திறந்துவிட்டது. ராணி 12. ஜி2-க்குப் போகிறது, இ4, ஜி4 இரண்டையும் காக்க. அடுத்து 12...பி4 13. குதிரை இ2.

இங்கே நிறுத்தி பி7-இலிருந்து ஜி2 வரை விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். நடுவில் நிற்பது இ4 சிப்பாய் ஒன்றுதான். அது நகர்ந்தால் ராணி போய்விடும். இந்த ஆட்டத்தின் உயிரே இந்தக் கோடுதான். இனி ஒவ்வொரு நகர்விலும் 'இ4 சிப்பாய் நகர முடியுமா?' என்று முதலில் கேளுங்கள்.

கோட்டைக் கண்டவர்கள் பலர் உடனே 13...குதிரை எஃப்5 என்று எழுதுவார்கள். தப்பு, வரிசையில் இருக்கிறது. இ4 கட்டுண்டது சரி, ஆனால் ஜி4 சிப்பாய் சும்மா நிற்கிறதே! 14. ஜி×எஃப்5, குதிரை காலி. அதனால் முதலில் 13...எச்5! 14. ஜி×எச்5 என்று அந்தச் சிப்பாயை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, பிறகு 14...குதிரை எஃப்5! இப்போது 15. இ×எஃப்5 என்றால் 15...மந்திரி×ஜி2. இந்தக் குதிரை இ3 மந்திரியை அடிக்கிறது, டி8 ராணிக்கு ஜி5 வரை வழியும் திறக்கிறது.

15. மந்திரி எஃப்2 ராணி×ஜி5! ஜி2 ராணி நேராக வெட்டலாமே என்று தோன்றும். 16. ராணி×ஜி5 குதிரை எஃப்3 செக். ராஜாவும் ராணியும் ஒரே குதிரையின் அடியில். 17. ராஜா டி1 குதிரை×ஜி5 என்றதும் இ4 சிப்பாயைக் குதிரையும் மந்திரியும் சேர்ந்து தாக்கும். அது எஃப்5-ஐ வெட்டப் போனால் எச்1 யானை விழும்.

ஷிரோவ் 16. குதிரை ஏ5 என்று பி7 மந்திரியைத் தாக்கினார். இன்னொரு பத்து நிமிடம் இங்கே. விடை 16...குதிரை இ3! இதன் மூன்று கிளைகளையும் கையால் ஆடிப் பார்க்க வேண்டும், மனக்கணக்கு போதாது. 17. ராணி×ஜி5 என்றால் 17...குதிரை எஃப்3, மேட்: டி1-ஐ ஒரு குதிரையும் டி2-ஐ இன்னொன்றும் காக்க, மற்ற கட்டங்களை வெள்ளையின் சொந்தக் காய்களே அடைத்திருக்கின்றன. 17. மந்திரி×இ3 ராணி×இ3 18. குதிரை×பி7 என்றால் 18...குதிரை எஃப்3 செக், 19. ராஜா டி1 என்றால் ராணி டி2, மேட்; 19. ராணி×எஃப்3 என்றால் ராணி×எஃப்3, வெள்ளை ராணி போய்விடும். ஆட்டத்தில் வந்தது 17. ராணி ஜி3 ராணி×ஜி3 18. குதிரை×ஜி3 குதிரை×சி2 செக் 19. ராஜா டி1 குதிரை×ஏ1 20. குதிரை×பி7.

ஏ1 மூலைக்குப் போன குதிரை திரும்புமா? பி3-ஐ ஏ2 சிப்பாயும் சி2-ஐ ராஜாவும் காக்கிறார்கள். நிதானமாக வேறு எதையாவது ஆடினால் ராஜா நடந்துபோய்ப் பிடித்துவிடுவார். 20...பி3! 21. ஏ×பி3 குதிரை×பி3, வெளியே வந்தாயிற்று. மந்திரியைக் கொடுத்து யானையை வாங்கிய லாபம் கறுப்பிடம். மிச்சம் 22. ராஜா சி2 குதிரை சி5 23. குதிரை×சி5 டி×சி5 24. மந்திரி இ1 குதிரை எஃப்3 25. மந்திரி சி3 குதிரை டி4 செக் (எச்8 யானை மீதான தாக்குதலைச் செக்கோடு அடைக்கிறது) 26. ராஜா டி3 மந்திரி டி6 27. மந்திரி ஜி2 மந்திரி இ5 28. ராஜா சி4 ராஜா இ7 29. யானை ஏ1 குதிரை சி6. ஷிரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. 14-இல் வெள்ளை ஜி×எச்6 என்று என் பாசான்ட் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல் பக்கத்துச் சிப்பாய் வெட்டும் விதி) எடுத்தால் ஜி4 சிப்பாய் இடத்திலேயே நிற்கும். எஃப்5 தந்திரம் அப்போது நேராக வேலை செய்யாது. கறுப்பு என்ன ஆட வேண்டும் என்று எழுதிவிட்டு, பிறகு எஞ்சினோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து படிக்க: 2002-இல் மாஸ்கோவில், ரஷ்யா – உலக அணி ரேபிட் (குறைந்த நேர) போட்டியில் ஜூடித் காஸ்பரோவை வென்ற ஆட்டம். பெர்லின் தற்காப்பு, 8-வது நகர்விலேயே ராணிகள் பலகையை விட்டுப் போய்விடும்; அதில் வெள்ளைப் பக்கம் உட்காருங்கள்.