டாலஸ் பக்கம் புதுசா வர்ற நம்ம ஊர்க்காரவுகளுக்கு: ராத்திரி காய்ச்சலுக்கு எந்தக் கதவைத் தட்டணும்

சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட், லைசென்ஸ், வாடகை வீடு, இதுக்கெல்லாம் கம்பெனிலயே வழி சொல்லிருவாக, பத்தாததுக்கு இர்விங்லயும் ஃபிரிஸ்கோலயும் தெருவுக்கு நாலு தமிழ் வீடு இருக்கு, கேட்டா சொல்லுவாக. அத விடுங்க. உடம்பு முடியலனா எங்க போறதுங்கறத மட்டும் யாரும் முன்னாடியே சொல்றதில்ல, பில்லு வந்தப்பறம் எல்லாரும் சொல்லுவாக.

காரைக்குடில நமக்கு என்ன பழக்கம்? சாயங்காலம் கிளினிக் தொறப்பாக, டோக்கன் போட்டு உக்காந்தா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள ஊசியும் போட்டு மூணு நாளைக்கு மாத்திரையும் வாங்கிட்டு வந்துரலாம், அதுக்கும் சோம்பலா இருந்தா மெடிக்கல்ல பழைய அட்டையக் காட்டுனா குடுத்துருவாக. இங்க ஃபேமிலி டாக்டர்னு ஒருத்தர்கிட்ட மொதல்லயே பேரப் பதிஞ்சு வச்சிருக்கணும், புது ஆளுக்கு நேரம் கிடைக்க வாரக்கணக்குல கூட ஆகும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவுகளும் கடையச் சாத்திட்டுப் போயிருவாக, போன் போட்டா ரெக்கார்டிங்ல மொத வார்த்தையே "எமர்ஜென்சினா 911க்குக் கூப்பிடுங்க". புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது, ஊருக்குப் போன் பண்ணுனா ஆத்தா அங்க இருந்து அழுகுறாக, மனுசன் என்ன பண்ணுவான், வெளிச்சம் எரியுற ஒரே எடம் ஈஆர்தான், அதாவது ஆஸ்பத்திரி எமர்ஜென்சி ரூம், அங்க போறான். சளி, காது வலி, மாத்திரை தீந்து போச்சு, இதுக்கெல்லாம் ஜனங்க ஈஆர்ல போயி நிக்கிறாகனா அதுக்குக் காரணம் அறியாமை மட்டும் இல்ல, மத்த கதவெல்லாம் பூட்டிக் கெடக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊர்ல தனியார் ஆஸ்பத்திரினா மொதல்ல கவுண்டர்ல அட்வான்ஸ் கட்டச் சொல்லுவாக. இங்க 1986ல இருந்து சட்டம், ஈஆருக்கு வந்தவுகள காசில்லனு திருப்பி அனுப்பக் கூடாது, மொதல்ல சோதிச்சுப் பாத்து, ஆபத்துனா அத நிறுத்தணும், பணமெல்லாம் அப்பறம். நல்ல சட்டம்தான், ஆனா நமக்கு அது இனாம் மாதிரி தெரியுது பாருங்க, அங்கதான் இடிக்குது.

தேவகோட்டைக்கார சிநேகிதர் ஒருத்தரு, பையனுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி காது வலி. வீட்டுக்குப் பக்கத்துல கடைத்தெரு மாதிரி ஒரு வரிசை, பீட்சாக் கடைக்கும் சலூனுக்கும் நடுவுல "24 மணி நேரம்"னு போர்டு. அர்ஜென்ட் கேர்னு, அதாவது உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்குப் பேர் பதியாமலே போற சின்ன கிளினிக்குனு, நெனச்சுத்தான் உள்ள போனாரு. கூட்டமே இல்ல, புள்ளைக்குப் போர்வை, தண்ணி பாட்டில், டாக்டர் காதுக்குள்ள எட்டிப் பாத்து ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்துட்டாரு. ஒரு பைசா கேக்கலனு எங்க எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொன்னாரு. அப்பறம் வந்துச்சு தபால், எடத்துக்கு ஒரு பில்லு, டாக்டருக்குத் தனியா ஒரு பில்லு, ரெண்டையும் கூட்டுனா ஊருக்கு ரெண்டு பேரு போயிட்டு வர்ற டிக்கெட்டு. எனக்கு இப்ப நெனச்சாலும் எரியுது.

விஷயம் என்னனா அது ஆஸ்பத்திரியோட ஒட்டாம தனியா நிக்கிற ஈஆர். டெக்சாஸ்ல 2009 சட்டத்துக்கு அப்பறம் இதுக்குனே தனி லைசென்ஸ் உண்டு, கடைத்தெருவுல இருந்தாலும் ரேட்டு ஆஸ்பத்திரி ஈஆர் ரேட்டுதான். அதச் சொல்லி வாசல்ல நோட்டீஸ் ஒட்டணும், ஒட்டியும் இருப்பாக, அழுகுற புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எவன் நோட்டீஸ் படிப்பான்? அதனால போர்டுல ஈஆர், எமர்ஜென்சினு எங்க எழுதிருந்தாலும் அது அர்ஜென்ட் கேர் இல்லனு வச்சுக்கோங்க. உள்ள போயி "இன்சூரன்ஸ் எடுப்பீகளா"னு கேக்காதீக, எடுப்போம்னுதான் சொல்லுவாக. இது அர்ஜென்ட் கேரா ஈஆரா, என் பிளானுக்கு இன்நெட்வொர்க்கா, அதாவது என் இன்சூரன்ஸோட ஒப்பந்தம் உள்ள எடமா, இந்த ரெண்டையும் கேளுங்க. 2022 ஜனவரில இருந்து, ஈஆர் நெட்வொர்க்குக்கு வெளிய இருந்தாலும் இன்சூரன்ஸ் ஒத்துக்கிட்ட தொகை போக மிச்சத்த உங்க தலைல கட்டக் கூடாதுனு சட்டம் வந்துருச்சு, சரி, ஆனா டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க கட்ட வேண்டிய பங்கு, அது உங்க பாக்கெட்டுதானே. ரோட்டுல ஓடுற ஆம்புலன்ஸும் அந்தச் சட்டத்துல இல்ல.

இப்பவே பண்ண வேண்டியது, உடம்பு நல்லா இருக்கும்போதே, பேர் பதியுற டாக்டரப் புடிங்க. கிட்டத்துல உள்ள அர்ஜென்ட் கேர் எத்தன மணிக்குச் சாத்துறாகனு பாத்து வைங்க. இன்சூரன்ஸ் அட்டைக்குப் பின்னாடி பெரும்பாலும் நர்ஸ் லைன் நம்பர், அதாவது போன்லயே நர்ஸ்கிட்ட யோசனை கேக்குற நம்பர், இருக்கும், நடுராத்திரில கூட எடுத்து "காலைல போனாப் போதும்"னு சொல்லுவாக, அந்த ஒரு வார்த்தைக்குத்தானே பாதிப் பேரு ஈஆருக்கு ஓடுறது. டோலோ கேட்டா இங்க கிடைக்காது, டைலனால்னு கேளுங்க, அதே மருந்துதான்.

இதப் படிச்சுட்டு நெஞ்சு வலிய வாயுப் பிடிப்புனு சொல்லி ஓமத்திரவம் குடிச்சுக்கிட்டு உக்காந்துறாதீக, நம்ம பெருசுக அதச் செய்யும். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், வாய் கோணல், கை தூக்க முடியல, ரத்தம் நிக்கல, இதுக்கெல்லாம் யோசிக்காம 911. கடைசில வாயுனே தெரிஞ்சாலும் பரவால்ல, இன்சூரன்ஸ்காரன் நீங்க என்ன அறிகுறியோட வந்தீகனுதான் பாக்கணும்.

அப்பச்சி ஆத்தா வந்தா இன்னும் கவனம். ஆறு மாசம் தங்குவாக, மாத்திரை பொதுவா மூணு மாசத்துக்குத்தான் கொண்டு வர முடியும், சீட்டோட. பிரஷர் மாத்திரை தீந்ததுக்கு ஈஆர் போனவுக இருக்காக. மூணாம் மாசம் முடியறதுக்குள்ள ஒரு டாக்டர்கிட்டக் காட்டிப் புதுச் சீட்டு வாங்கிருங்க. ஊர் பிராண்டு பேரு இங்க யாருக்கும் தெரியாது, கிளைக்கோமெட்னா மெட்ஃபார்மின்னு மருந்துப் பேர எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

அப்படியும் பில்லு வந்துருச்சா, பயந்து அன்னைக்கே கட்டாதீக. வரி வரியாப் பிரிச்ச பில்லு கேளுங்க, இன்சூரன்ஸ்காரன் எவ்வளவு குடுத்தான், உங்க பங்கு எவ்வளவுனு அனுப்புற தாளோட ஒத்துப் பாருங்க, ஈஆர் பில்லுல கேஸ் எவ்வளவு கடுமையோ அதுக்குத் தக்க ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் லெவல் இருக்கு, காது வலிக்கு நாலு போட்டுருந்தா ஏன்னு கேளுங்க. லாபநோக்கமில்லாத ஆஸ்பத்திரினா வருமானத்தப் பாத்துக் கொறைக்கிற திட்டம் கண்டிப்பா வச்சிருக்கணும், அதுக்கும் மனுப் போடுங்க. ஐந்தொகை எழுதுன வீட்டுல பொறந்துட்டுக் கணக்குக் கேக்கக் கூச்சப்படலாமா? சிநேகிதரு மூணு வாரம் போன்லயே நின்னாரு, லெவல ஒரு படி எறக்கிட்டாக, மிச்சத்த மாசத் தவணையாக் கட்டிக்கிட்டு இருக்காரு.