செவிலியர் எழுதும் நலக்குறிப்பு ஊராருக்குப் பயன்பட

ஒரு குறிப்புக்கு ஒரே விஷயம். ‘வயிற்றுப்போக்கு’ என்று பொதுவாகத் தொடங்காமல், ‘ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பொடி) கரைப்பது எப்படி’ என்று தொடங்குங்கள். அளவைத் துல்லியமாக எழுதுங்கள்: ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் உப்பு கூடி, குழந்தைக்கு ஆபத்தாகும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

உதாரணத்துக்கு ஒரு நோயாளியைக் குறிப்பிட்டால், அவர் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. முக்கூடல் என்ற ஊர், பீடி சுற்றுபவர், வயது, நோய் எல்லாம் சேர்ந்தால் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். படமும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்புமுன் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியை மாற்றுங்கள்.