கம்ப்யூட்டரிலிருந்து டேப்புக்கு ஸ்லைடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் ஒரு சபை ஹால், நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு, குலசேகரத்தில் ரப்பர் விவசாயிகள் கூட்டம். எங்கே போனாலும் இப்போது லேப்டாப்பைத் தூக்கி வருபவர்கள் குறைந்து, டேப்போடு வருபவர்கள் கூடிவிட்டார்கள். நல்லதுதான். டேப் எடை குறைவு, பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், கையில் வைத்துக்கொண்டே பேசலாம். ஆனால் ஸ்லைடைச் செய்த இடம் கம்ப்யூட்டர், காட்டும் இடம் டேப். இந்த மாற்றத்தில் எதெது வழியில் தொலையும் என்று தெரியாமல் மேடையேறுகிறார்கள். சார்ஜ் போட மறப்பது, தப்பான ஃபைலைக் கொண்டுவருவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அனுபவம் உள்ளவர்களும் சறுக்கும் இடங்கள் மட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை அங்கேயே தட்டித் திறப்பது

ஃபைலை முதலில் டேப்பின் சேமிப்பகத்தில் சேமியுங்கள். பிறகு பவர்பாயிண்ட் செயலியைத் திறந்து, அதன் உள்ளிருந்து அந்த ஃபைலை எடுங்கள். வாட்ஸ்அப்பில் நேரே தட்டினால் வேறு ஏதோ ஒரு பார்வைச் செயலி திறக்கும். அதில் அனிமேஷன் இருக்காது. திருத்தினாலும் திருத்தம் எந்தப் பிரதியில் சேர்ந்தது என்று தெரியாது. படங்களை அனுப்புகிறவர்கள் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்ப வேண்டும். புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், பெரிய திரையில் எழுத்து மங்கும்.

பழைய ஃபான்டில் அடித்த தமிழை அப்படியே கொண்டுபோவது

இதுதான் பெரிய தவறு. இன்றும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். ஏனென்றால் இதைத் தவிர்க்கும் வழி இருபது வருடத்துக்கும் மேலாக நம் கையில் இருக்கிறது.

நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ சபைகளில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிறார்கள். அந்த ஸ்லைடுகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. பல வருடமாக ஒவ்வொரு பாட்டாக யாரோ உட்கார்ந்து அடித்துச் சேர்த்தவை, நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் டிடிபி கடையில் பழகியவர்கள் பாமினி ஃபான்டிலோ அதைப் போன்ற வேறொன்றிலோ அடித்திருப்பார்கள். சபைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இருக்கிறது, அதனால் யாருக்கும் பிரச்சினை தெரியாது. பெரிய வெள்ளி காலையில் புதிதாக வாங்கிய டேப்பை இணைத்ததும் திரையில் தமிழே இருக்காது. ‘வெள்ளி’ என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கில என், டி, எஸ், ஒரு அரைப்புள்ளி, மறுபடி எஸ், பி என்று நிற்கும்.

காரணம் எளிது. பாமினி போன்ற ஃபான்ட்களில் தமிழ் எழுத்து என்று உள்ளே எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஆங்கில ‘என்’ வரும் இடத்தில் ஒற்றைக் கொம்பைக் காட்டு, ‘டி’ வரும் இடத்தில் வகரத்தைக் காட்டு, அரைப்புள்ளி வந்தால் மெய்ப்புள்ளி வை என்று அந்த ஃபான்ட் முகமூடி போடுகிறது. ஃபான்ட் இல்லாத டேப்பில் முகமூடி விழுந்துவிடும். யூனிகோடில் அடித்தால் ‘வ’ என்ற எழுத்துக்கு உலகம் முழுக்க ஒரே எண். ஐபேடோ ஆண்ட்ராய்டோ, எந்தத் தமிழ் ஃபான்ட் இருந்தாலும் வகரமாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில், யூனிகோடை அரசுத் தரமாக அறிவித்துவிட்டது. விண்டோஸ் 2000 வந்தபோதே லதா என்ற யூனிகோட் ஃபான்ட் கூடவே வந்தது. இன்னும் புதிய ஸ்லைடைப் பாமினியில் அடிப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது.

உங்கள் ஃபைல் எந்த வகை என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஸ்லைடிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு செய்தியாக ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோட். ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய ஃபான்ட்.

இங்கே ஒரு பொய்யான குறுக்குவழி உண்டு. பவர்பாயிண்டின் ‘ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ்’ வழியாகப் பாமினியை நிர்மலா யூஐ என்று மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது முகமூடியைத்தான் கழற்றும். உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து அப்படியே வெளியே வரும். எழுத்தையே மாற்ற வேண்டும். அதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி வேண்டும்.

முறை இது. முதலில் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, பழையதைத் தொடாமல் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியாக எழுத்தைக் காப்பி செய்து மாற்றியில் ஒட்டி, மூல ஃபான்ட் எது என்று சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மூலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வேறு விதமான குப்பை வரும், அவ்வளவுதான். வந்ததை ஸ்லைடில் ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ என்று ஒட்டி, ஃபான்டை நிர்மலா யூஐ என்று வையுங்கள். மெதுவான வேலைதான். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். வாரம் ஐந்து பாட்டு என்று பிரித்துக்கொண்டால் இளைஞர் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரே முடித்துவிடுவார்கள்.

மாற்றிய பிறகு கண்ணால் வாசிக்காமல் மேடைக்குப் போகாதீர்கள். மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, ஔகாரம். பழைய ஃபான்ட்களில் ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று துண்டாக அடிப்பார்கள். கொம்பையும் ளகரத்தையும் பார்த்ததும் சில மாற்றிகள் ஔகாரம் என்று முடிவு கட்டிவிடும். அப்போது ‘வெள்ளி’ என்பது ‘வௌ்ளி’ ஆகிவிடும். வேகமாகப் பார்த்தால் சரி போலவே இருக்கும். ளகரத்தின் புள்ளி மட்டும் அந்தரத்தில் தொங்கும், சில டேப்களில் புள்ளிக்கு அடியில் ஒரு வட்டமும் வரும். வெள்ளம், வெள்ளை, பெயர்களில் வரும் ‘வெள்ளையம்மாள்’ என்று கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் எல்லாச் சொல்லையும் பாருங்கள். நேர்மாறாக, ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று நிற்பதும் உண்டு.

இரண்டு, நடுவில் வரும் ஆங்கிலம். தமிழோடு கலந்திருக்கும் ஆங்கிலச் சொல்லையும் கன்வெர்ட்டர் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. அதனால் ஆங்கில வாக்கியத்தில் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் ‘இ’ முளைக்கும். ஆங்கிலப் பகுதியைத் தனியே வைத்து, தமிழை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று, கண்ணில் படாத மூலைகள். அட்டவணை, வரைபடத்தின் பெயர்கள், ஸ்லைடு மாஸ்டரில் உள்ள சபைப் பெயர், கீழே ஓடும் அடிக்குறிப்பு, பேச்சாளர் குறிப்பு. முன்னால் உள்ள பெட்டிகளை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டுவிடுவார்கள். பேச்சாளர் குறிப்பு திரையில் வராது என்றாலும் மேடையில் டேப்பைப் பார்த்து வாசிப்பவருக்கு அதுதான் உயிர்.

விளவங்கோடு பக்கம் தமிழோடு மலையாளமும் ஸ்லைடில் இருக்கும். அங்கேயும் இதே கதைதான். எம்எல்-டிடி கார்த்திகா போன்ற பழைய மலையாள ஃபான்ட்களும் யூனிகோட் அல்ல. அவற்றுக்கு மலையாள மாற்றி தனியே வேண்டும்.

நாளைக் காலை நிகழ்ச்சி, மாற்ற நேரமில்லை என்றால், அந்த ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் எடுத்துவிடுங்கள். சேமிக்கும்போது ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘பிட்மேப் டெக்ஸ்ட் வென் ஃபான்ட்ஸ் மே நாட் பி எம்பெடெட்’ என்பதை டிக் செய்யுங்கள். இன்னொரு வழி, ‘பவர்பாயிண்ட் பிக்சர் பிரசென்டேஷன்’ என்ற வகையில் சேமிப்பது. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு படமாகிவிடும், எங்கே திறந்தாலும் மாறாது. இரண்டிலும் அனிமேஷன் போய்விடும், வரி வரியாக வருவதெல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். பாட்டு வரிகளுக்கு அது பாதகமில்லை. பாடம் நடத்துபவர்கள் ஒரு ஸ்லைடையே மூன்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூட்டி வைத்தால் அதே பலன் கிடைக்கும். பிடிஎஃப் எடுப்பதை டேப்பில் செய்யாதீர்கள். அங்கே ஃபான்ட் ஏற்கெனவே தொலைந்திருக்கும்.

யூனிகோட்தானே என்று ஃபான்ட் அகலத்தை மறப்பது

யூனிகோடில் அடித்தால் எழுத்து மாறாது. வடிவமும் அகலமும் மாறும். விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபேடில் தமிழ் சங்கம் எம்என். ஒன்றைவிட ஒன்று அகலம். கம்ப்யூட்டரில் ஒரே வரியில் அடங்கிய தலைப்பு டேப்பில் இரண்டாவது வரிக்கு உடைந்து, கீழே உள்ள படத்தின் மேல் ஏறும். பெட்டியின் வலது பக்கமும் அடியிலும் ஆறில் ஒரு பங்கு இடம் காலியாக விட்டு எழுதினால் இந்தத் தொல்லை வராது. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ போய் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்’ போடலாம். ஆனால் அனுமதி பூட்டப்பட்ட ஃபான்ட் ஃபைலுக்குள் சேராது. கூகுள் ஸ்லைட்ஸில் திறப்பதாக இருந்தால் அதை நம்பவே வேண்டாம்.

டைப்-சி துளை இருந்தால் புரொஜெக்டர் வரும் என்று நம்புவது

வராது. பாதிப் பேர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும். அதன் வழியே படம் வெளியே போக, ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி டேப்பில் இருக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. சார்ஜும் பென்டிரைவும் மட்டும் வேலை செய்யும். கடையில் அடாப்டர் வாங்கும் முன் டேப்பின் விவரப் பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, கடையிலேயே ஒரு டிவியில் செருகிப் பார்த்து வாங்குவது. வசதி இல்லாத டேப் என்றால் கம்பியில்லாமல்தான் அனுப்ப வேண்டும். குரோம்காஸ்ட் வகைக்கு ஹாலில் வைஃபை தேவை. மிராகாஸ்ட் நேரே டேப்பையும் திரையையும் இணைக்கும், வைஃபை ரூட்டர் வேண்டாம். ஆனால் டேப்பும் திரையும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

பல ஹால்களில் இன்னும் நீல நிற விஜிஏ கேபிள்தான் தொங்குகிறது. அதற்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கம்பி மாற்றி வேலை செய்யாது. விஜிஏவில் ஒலி போகாது. கன்வெர்ட்டரில் 3.5 மிமீ ஒலித் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அங்கிருந்து மைக் செட்டுக்குத் தனி கேபிள் போடுங்கள்.

வீடியோவை ‘லிங்க்’ ஆக வைப்பது

ரப்பர் பால்வெட்டு முறையைக் காட்ட வீடியோ வைத்திருப்பார்கள். குலசேகரம் கூட்டத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டம்தான் இருக்கும். ‘லிங்க் டு ஃபைல்’ என்று செருகினால் ஸ்லைடுக்குள் இருப்பது முகவரி மட்டும். வீடியோ கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். ‘இன்சர்ட்’ என்று உள்ளேயே வையுங்கள். எம்பி4, எச்.264 படம், ஏஏசி ஒலி என்ற கூட்டு எல்லா டேப்பிலும் ஓடும். டபிள்யூஎம்வி ஓடும் என்று நம்ப முடியாது. ஃபைல் பெருத்துவிட்டால் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘கம்ப்ரெஸ் மீடியா’ போய் 720பி தேர்ந்தெடுங்கள். ஹால் புரொஜெக்டருக்கு அது தாராளம். வீடியோவை டேப்பில் தனி ஃபைலாகவும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

திரையின் வடிவம்

பவர்பாயிண்ட் 2013 முதல் புதிய ஸ்லைடு 16:9. ஐபேட் கிட்டத்தட்ட 4:3, ஆண்ட்ராய்டு டேப்கள் அநேகமாக 16:10, பழைய புரொஜெக்டர் 4:3. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்; அதனால் எதுவும் கெடாது. அதைப் பார்த்துப் பதறி கடைசி நேரத்தில் ஸ்லைடு அளவை மாற்றுவதுதான் தவறு. எல்லாப் பெட்டியும் இடம் பெயரும், முகங்கள் நீளும்.

ஃபைல் மேகத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது

பேச்சிப்பாறையில் சிக்னலைத் தேடாதீர்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் உள்ள ஃபைலுக்கு முன்கூட்டியே ‘ஆஃப்லைன்’ போட்டு, ஏரோபிளேன் மோடில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

என்டிஎஃப்எஸ் பென்டிரைவ்

என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் பல டேப்களில் திறக்காது. எக்ஸ்ஃபாட் ஆக ஃபார்மட் செய்து ஃபைலைப் போடுங்கள்.

நோட்டிஃபிகேஷன்

‘டூ நாட் டிஸ்டர்ப்’. மேடைக்கு ஏறும் முன்.

ஒரே துளையை மறப்பது

டைப்-சியில் எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகிவிட்டால் சார்ஜருக்கு இடமில்லை. காலை முழுக்க ஓடும் கூட்டத்தில் மதியத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். அடாப்டர் வாங்கும்போதே, எச்டிஎம்ஐயோடு ‘பிடி’ (பவர் டெலிவரி) என்று எழுதிய சார்ஜ் துளையும் உள்ள ஹப்பாக வாங்குங்கள். நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனால் புரொஜெக்டர் அணையும், டேப் அணையாது. கரண்ட் வந்ததும் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருக வேண்டிவரலாம். செருகியதும் பவர்பாயிண்ட் சில நேரம் முதல் ஸ்லைடுக்குத் திரும்பிவிடும். எந்த எண் ஸ்லைடில் நிற்கிறோம் என்று தெரிய, ‘இன்சர்ட்’ உள்ளே ‘ஸ்லைடு நம்பர்’ போட்டு, எண்ணை மூலையில் 14 பாயிண்டில் வைத்துவிடுங்கள்.